முதல் கொத்து

முற்றத்தில் குருணையை வீசிவிட்டு உடனே உள்ளே போய்விடாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பத்துக் கோழி இருந்தால் பத்தும் ஓடி வரும். ஆனால் பத்தும் ஒன்றுபோலத் தின்னாது. ஒன்று நட்ட நடுவில் நின்று நிதானமாகப் பொறுக்கும். இன்னொன்று அதன் பக்கத்தில் வரும். நடுவில் நிற்பது தலையை லேசாகத் திருப்பினால் போதும், இரண்டடி விலகிவிடும். விளிம்பில் ஒன்று, தானியத்தின் மேல் ஒரு கண்ணும் மற்ற கோழிகளின் மேல் ஒரு கண்ணுமாக, ஒரு மணியைக் கொத்திக்கொண்டு ஓடும். "அது பொல்லாத கோழி, ஒன்றையும் அண்டவிடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மனிதர் கோழி வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் பார்த்து வந்த இந்தக் காட்சியை, நோட்டுப் போட்டுக் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது ஒரு நார்வேச் சிறுவனுக்குத்தான்.

தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே 1894-இல் இன்றைய ஆஸ்லோவில் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் சிற்பிகள். பையனுக்கோ ஆறு வயதிலேயே கோழிப் பித்து. கோடைக்குத் தங்கப் போகும் வீட்டில் இருந்த கோழிகளுக்குத் தனித்தனியே பெயர் வைத்தான். பத்து வயது வாக்கில், எது எதைக் கொத்துகிறது, எது யாரிடம் கொத்து வாங்குகிறது என்று எழுதத் தொடங்கினான். அந்த நோட்டுகள் வளர்ந்து 1921-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாகின. மறு ஆண்டு கட்டுரையாகவும் வெளிவந்தன. ஜெர்மன் மொழியில் அவர் வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'கொத்து வரிசை' என்று வரும்.

அவர் கண்டது இதுதான். எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும், ஒன்று கொத்தும். மற்றது கொத்து வாங்கும். திருப்பிக் கொத்தாது. முதல் சந்திப்பில் ஒரு சண்டை நடக்கலாம், அல்லது சண்டையே இல்லாமல் ஒன்று பயந்து ஒதுங்கலாம். அத்தோடு அந்த ஜோடியின் கணக்கு தீர்ந்தது. அடுத்த நாள், அடுத்த வாரம், மீண்டும் மீண்டும் மோதிப் பார்ப்பதில்லை. இப்படி எல்லா ஜோடிகளையும் கோத்துப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஓர் ஏணி வருகிறது. உச்சியில் இருப்பது எல்லாவற்றையும் கொத்தும். கடைசியில் இருப்பது எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். அதற்குக் கொத்த ஆளே இல்லை.

ஷெல்டெருப்-எப்பேயின் சொந்தக் கதையிலும் ஒரு கொத்து உண்டு. அவருக்கு ஆதரவாக இருந்தவர் கிறிஸ்டினே பொன்னெவி. நார்வேயின் முதல் பெண் பேராசிரியர். பொன்னெவியைக் கேலி செய்து பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை இவர்தான் எழுதினார் என்று சந்தேகம் எழ, ஆதரவு போய்விட்டது என்று ஷெல்டெருப்-எப்பேயின் மகன் பின்னாளில் சொன்னார். சொந்த நாட்டின் பல்கலைக்கழக ஏணியில் அவரால் கடைசிவரை நல்ல இடம் பிடிக்க முடியவில்லை. அந்தக் கசப்பினாலோ என்னவோ, உயிர் இருக்கும் இடமெல்லாம் சர்வாதிகாரம்தான் அடிப்படை விதி என்கிற அளவுக்கு அவர் எழுதிப் போனார். அங்கே அவர் அளவு மீறிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏணியைப் பற்றி அவர் சொன்னது நின்றுவிட்டது. மீன், குரங்கு, குளவி, கழுதைப்புலி என்று பார்த்த இடமெல்லாம் பிற்பாடு ஆய்வாளர்கள் ஏணிகளைக் கண்டார்கள்.

ஏணி எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. பலசாலி மேலே, நோஞ்சான் கீழே என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பாதி உண்மைகூட இல்லை.

முதலில் கோழியின் நினைவைப் பார்ப்போம். வரிசை நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு கோழியும் மற்றதை ஆள் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தலையும் கொண்டையும்தான் அடையாளம். ஒரு கோழியின் கொண்டையின் தோற்றத்தை மாற்றிவிட்டால், நேற்றுவரை அதற்கு வழிவிட்ட கோழிகளே அதைப் புதிதாய் வந்ததுபோல் நடத்தும், கொத்தவும் வரும். உடம்பு அதே உடம்பு, பலம் அதே பலம். பதவி மட்டும் காணாமல் போய்விட்டது. சில வாரம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டாலும் இதே கதை, பழைய கணக்கு மறந்திருக்கும்.

இந்த நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. பத்துக் கோழிக்கு 45 ஜோடி. நூறு கோழிக்கு 4,950. பத்தாயிரம் கோழி திரியும் ஒரு கொட்டகையில் 4,99,95,000 ஜோடி, கிட்டத்தட்ட ஐந்து கோடி. அத்தனை கோழிகளின் முகமும் எந்தக் கோழிக்கும் நினைவில் நிற்காது. ஆகவே பெருங்கூட்டத்தில் கோழிகள் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கொண்டையின் அளவைப் பார்த்து விலகுகின்றன, கொத்துவதும் குறைகிறது. தெரிந்தவர்கள் நடுவில்தான் அந்தஸ்துத் தகராறு. சந்தைக் கூட்டத்தில் யாரும் யாரையும் மதிப்பதும் இல்லை, மிதிப்பதும் இல்லை.

கூண்டுதான் மோசம். ஒரு கூண்டுக்குள் ஏழெட்டுக் கோழி என்றால் எல்லாமே தெரிந்த முகம். தப்பித்து ஓட இடமும் கிடையாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கும் சுவையாக இருக்கும். அதிக முட்டையிடும் கோழிகளாகப் பொறுக்கி எடுத்து இனம் பெருக்குவதுதான் வழக்கம். மியூர் தனிக் கோழியைப் பொறுக்கவில்லை. ஒன்பது கோழி இருக்கும் கூண்டை மொத்தமாகப் பார்த்து, எந்தக் கூண்டு நன்றாக விளைகிறதோ அந்தக் கூண்டையே முழுசாக எடுத்துப் பெருக்கினார். சில தலைமுறைகளுக்குள் ஆண்டுச் சாவு 68 சதவீதத்திலிருந்து 8.8 சதவீதமாக இறங்கியது. முட்டையும் கூடியது. தனித்தனியே பார்த்தால் கெட்டிக்காரியாகத் தெரிகிற கோழி, பக்கத்தில் இருப்பவற்றைக் கொத்தி ஒடுக்கியே அந்தப் பேரை வாங்கியிருக்கக் கூடும். அலகை வெட்டிவிடும் வழக்கம் பண்ணைகளில் வந்ததற்குக் காரணமும் இந்தக் கொத்துதான்.

இப்போது ஏணிக்கு வருவோம். அதில் ஒரு வினோதம் ஒளிந்திருக்கிறது. கணக்குப் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்று கோழிகள்: கறுப்பி, செவலை, புள்ளி. மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டி முடிவு செய்தால் எட்டு விதமான முடிவு வரலாம். அதில் ஆறு, ஒழுங்கான ஏணி. இரண்டு, வட்டம்: கறுப்பி செவலையைக் கொத்தும், செவலை புள்ளியைக் கொத்தும், புள்ளி கறுப்பியைக் கொத்தும். இத்தகைய முக்கோணங்களை ஷெல்டெருப்-எப்பேயும் பார்த்திருக்கிறார். அங்கொன்றும் இங்கொன்றுமாக அவை உண்டு. மூன்று கோழிக்கு இப்படி. பத்துக் கோழிக்கு 45 நாணயம் சுண்டினால், ஒரு பிசிறும் இல்லாத நேர் ஏணி கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 97 லட்சத்தில் ஒன்று. ஆனால் கோழி முற்றத்தில் நேர் ஏணிகள் சர்வ சாதாரணம். எனவே நாணயம் சுண்டப்படவில்லை.

"சரி, பலம்தான் காரணம்" என்று ஒருவர் சொல்லலாம். எச்.ஜி. லாண்டாவ் என்ற கணிதர் 1951-இல் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பலம், எடை, வயது என்று கோழிக்குக் கோழி இருக்கக்கூடிய சாதாரண வித்தியாசங்கள் இவ்வளவு நேரான ஏணியைத் தரப் போதாது என்று வந்தது. ஜோடிக்கு ஜோடி வெற்றி கிட்டத்தட்ட உறுதியாகும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் ஏணி அப்படி நிமிர்ந்து நிற்கும். நிஜக் கோழிகளுக்குள் அவ்வளவு வித்தியாசம் கிடையாது.

விடை கிடைக்க முப்பது ஆண்டு ஆனது. ஐவன் சேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒன்றையொன்று அறியாத மூன்று கோழிகளை ஒரே இடத்தில் விட்டு, யார் ஜெயித்தார் என்பதை மட்டும் பார்க்காமல் எந்த வரிசையில் மோதல்கள் நடந்தன என்று பார்த்தார். முதலில் கறுப்பி செவலையை அடக்கிவிட்டது என்று வையுங்கள். புள்ளி பார்த்துக்கொண்டு நிற்கிறது. அடுத்து என்ன நடக்கலாம்? கறுப்பி திரும்பிப் புள்ளியையும் அடக்கலாம். அப்படி நடந்தால், பிறகு செவலை புள்ளியை வென்றாலும் சரி, புள்ளி செவலையை வென்றாலும் சரி, கிடைப்பது ஏணிதான். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், வட்டம் வரவே வராது. அல்லது புள்ளி போய், ஏற்கெனவே தோற்று நிற்கும் செவலையை அடக்கலாம். அப்போதும் அப்படியே, மூன்றாவது மோதல் எப்படிப் போனாலும் ஏணி. வட்டம் உண்டாக வேண்டுமானால் தோற்ற செவலை எழுந்து புள்ளியை ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் ஜெயித்த கறுப்பி புள்ளியிடம் தோற்க வேண்டும். சேஸின் கோழிகளில் முதல் இரண்டு வழிகளே மிகப் பெரும்பாலும் நடந்தன. ஜெயித்தது கையோடு அடுத்ததையும் ஜெயித்தது. தோற்றது அடுத்தவரிடமும் தோற்றது.

இந்தப் பத்தியை எழுதிவிட்டு நான் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் ஏணி கட்டத் திட்டமிடவில்லை. கோழிக்கு ஏணி என்றால் என்னவென்றும் தெரியாது. ஜெயித்த சூடு, தோற்ற துவளல் என்று இரண்டே இரண்டு மனநிலைகள். அவற்றிலிருந்து நூல் பிடித்தாற்போல் ஒரு வரிசை தானாக எழுகிறது.

அப்படியானால் உச்சியில் இருப்பவர் அங்கே இருப்பது அவருடைய தகுதியாலா, அன்றைக்கு நடந்த மோதல்கள் அமைந்த விதத்தாலா? சேஸும் அவருடைய குழுவினரும் 2002-இல் இதற்கு அழகான ஒரு சோதனை வைத்தார்கள். நம் ஏரி குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனின் உறவுக்காரர்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் உண்டு. அவற்றில் நான்கு நான்காகத் தொட்டியில் விட்டார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வரிசை உருவாயிற்று. பிறகு மீன்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றையொன்று மறக்கும் வரை இரண்டு வாரம் வைத்திருந்து, அதே நான்கையும் மறுபடி சேர்த்து விட்டார்கள். ஓடிய படத்தைத் திரும்பச் சுற்றி முதலிலிருந்து போடுவதுபோல. தகுதிதான் எல்லாம் என்றால் அதே வரிசை மீண்டும் வந்தாக வேண்டும். வரிசை வந்தது, இரண்டு முறையும் நேரான ஏணிகளே பெரும்பாலும் வந்தன. ஆனால் அதே மீன்கள் அதே படிகளில் நின்றது ஏறக்குறைய நான்கில் ஒரு தொட்டியில்தான். மற்ற தொட்டிகளில் நேற்றைய ராஜா இன்றைக்கு வேறு படியில்.

ஏணி உறுதி. யார் எந்தப் படி என்பது உறுதி இல்லை. இதைப் படித்த பிறகு, அலுவலகத்தில் நாற்காலி தன் திறமைக்காகவே வந்தது என்று நம்பும் சில முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அது போகட்டும்.

வேடிக்கை பார்ப்பவர்களின் பங்கு இன்னும் விசேஷமானது. டாங்கன்யிகா ஏரியில் வேறொரு ஜிலேபி உறவு மீன் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் லோகன் குரோசெனிக்கும் ரசல் ஃபெர்னால்டும் மற்றொருவரும் 2007-இல் ஓர் ஆண் மீனை நடுவில் வைத்து, சுற்றிலும் கண்ணாடித் தடுப்புகளுக்குள் ஐந்து ஆண் மீன்களின் சண்டைகளைக் காட்டினார்கள். முதலாவது இரண்டாவதை வென்றது, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது நான்காவதை, நான்காவது ஐந்தாவதை. ஐந்தும் ஒரே அளவு மீன்கள். ஒன்றை மற்றதன் இடத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டு, இடத்துக்குச் சொந்தக்காரர் வெல்லும்படி ஆய்வாளர்களே 'மேட்ச் ஃபிக்சிங்' செய்திருந்தார்கள். இரண்டாவதும் நான்காவதும் மோதியதை நடுவில் இருந்த மீன் ஒருநாளும் பார்க்கவில்லை. பிறகு அந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால், அது நான்காவதன் பக்கமே போய் நின்றது. புதிய இடத்தில் ஆண் மீன் பலவீனமானவன் பக்கம் ஒதுங்குவதுதான் வழக்கம். 'இவன் அவனைவிடப் பெரியவன், அவன் அடுத்தவனைவிடப் பெரியவன், அப்படியானால்...' என்று நம் பிள்ளைகள் நாலைந்து வயதில் கற்கிற தர்க்கத்தை, விரல் நீள மீன் தொட்டிக்குள் இருந்து போட்டுவிட்டது.

நம் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. கோயில் வாசலிலும் மலைப்பாதையிலும் தேங்காய் மூடிக்காகக் காத்திருக்கும் நாட்டுக் குரங்கை எல்லோரும் அறிவோம். தலையில் குல்லாய் கவிழ்த்தாற்போல் மயிர் இருக்கும். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் அனிந்திய சின்ஹா அவை பேன் பார்க்கும்போது கவனித்ததை 1998-இல் எழுதினார். இரண்டு பெண் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டையும்விடப் பெரிய அந்தஸ்துள்ள மூன்றாவது ஒன்று நடந்து வருகிறது. வருகிறவள் இரண்டு பேருக்குமே மேல். ஆகவே இருவருமே எழுந்து போகலாம், இல்லையென்றால் யாராவது ஒருத்தி போகலாம். பெரும்பாலும் எழுந்து போவது அந்த இருவரில் தாழ்ந்தவள்தான். வருகிறவள் தனக்கு மேல் என்று தெரிந்தால் மட்டும் அவளுக்குப் போதாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைவிடவும் தான் கீழே, ஆகவே எழ வேண்டியது தான்தான் என்கிற கணக்கும் அவள் தலைக்குள் ஓடியாக வேண்டும். கல்யாண வீட்டில் நாற்காலி ஒன்று குறைந்தால் யார் எழுந்து நிற்பார் என்று சொல்லாமலே தெரிவதுபோல.

சிலர் அடுத்தவர் தலைக்குள் குறுக்கு வழியில் நுழையப் பார்ப்பதும் உண்டு. தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் பார்த்த சிம்பன்சிகளில் மைக் என்ற ஆண் ஒன்று. சின்ன உருவம், தாழ்ந்த படி. 1964-இல் அது முகாமில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்களை உருட்டி, ஒன்றோடொன்று மோதவிட்டு, கடகடவென்று சத்தத்தோடு பெரிய ஆண்களை நோக்கி ஓடிவந்தது. பெரியவர்கள் அலறி ஒதுங்கினார்கள். அப்படியே உச்சிக்கு ஏறிவிட்டது. குடால் குழுவினர் டின்களை எடுத்து ஒளித்து வைத்த பிறகும் மைக்கின் பதவி இறங்கவில்லை.

எல்லா ஊரிலும் டின் செல்லாது. வட அமெரிக்காவில் ஹாரிஸ் சிட்டு என்றொரு குருவி. கழுத்திலும் மார்பிலும் கறுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய ஆள். சீவர்ட் ரோவர் 1970-களில் வெளிறிய சிட்டுகளைப் பிடித்துக் கறுப்புச் சாயம் பூசிவிட்டார். சாயம் பூசியவற்றை உண்மையான கறுப்பர்கள் விரட்டி விரட்டித் தாக்கினார்கள். வேறு சிலவற்றுக்குச் சாயம் பூசாமல் ஆண் ஹார்மோனை மட்டும் கொடுத்தார். அவை சண்டைக்குப் போயின, ஆனால் யாரும் மதிக்கவில்லை. சாயம், ஹார்மோன் இரண்டையும் கொடுத்தவை மட்டுமே மேலே ஏறின. வேஷமும் வேண்டும், அதற்கேற்ற நடையும் வேண்டும்.

ஆனால் பிறப்பு ஏணிக்கு உள்ளே வந்துவிட்டால் கதை வேறு. அதைப் பார்க்கக் கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போக வேண்டும். அங்கே கே ஹோலேகாம்ப் 1988 முதல் புள்ளிக் கழுதைப்புலிகளைத் தொடர்ந்து வருகிறார். நம் முதுமலைப் பக்கத்தில் இருப்பது வரிக் கழுதைப்புலி, அது வேறு. புள்ளிக் கழுதைப்புலிகள் சில வேளை எண்பது, நூறு வரை சேர்ந்த கூட்டங்களாக வாழும். ஆட்சி பெண்களுடையது. வரிக்குதிரை ஒன்று விழுந்தால் சிறிது நேரத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. ஆகவே யார் முதலில் வாய் வைக்கிறார் என்பது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், பல் முளைத்திருக்கும். வளையை விட்டு வெளியே வந்து விளையாடத் தொடங்கும்போது குட்டிகளுக்குள் வரிசை எதுவும் சரியாக இருக்காது. யார் யாரையும் கடிக்கும். ஆனால் அம்மாக்கள் சும்மா இருப்பதில்லை. பெரிய வீட்டுக் குட்டி, தாழ்ந்த வீட்டுக் குட்டியைச் சீண்டினால் அம்மா வந்து பக்கத்தில் நிற்பாள். கூட்டத்தில் மற்றவர்களும் அவள் பக்கமே சேருவார்கள். தாழ்ந்த வீட்டுக் குட்டி எதிர்த்தால் அதன் அம்மாவால் ஒன்றும் செய்ய முடியாது. சில மாதங்களில் பாடம் படிந்துவிடும். அதன்பின் பெரிய வீட்டுக் குட்டி, தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள முழு வளர்ந்த ஒரு பெண்ணை நோக்கிக் காதைச் சிலிர்த்துக்கொண்டு போகும். அந்தப் பெரியவள் வாலை ஒடுக்கிக்கொண்டு விலகுவாள். கடித்தால் ஒரே கடியில் குட்டி போய்விடும். கடிக்க மாட்டாள். குட்டிக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மகள் அம்மாவுக்கு நேர் கீழ்ப்படியில் அமர்கிறாள். அதிலும் ஒரு விந்தை: புதிதாய்ப் பிறந்த இளையவள் அக்காக்களுக்கு மேலே. அம்மா எப்போதும் கைக்குழந்தைக்குத்தானே பரிந்து வருவாள்? ஜப்பானில் குரங்குக் கூட்டங்களைப் பெயர் வைத்துத் தொடர்ந்த ஷுன்ஸோ கவாமுரா 1958-இலேயே இதே விதியைக் குரங்குகளிடம் கண்டு எழுதியிருந்தார். குரங்கும் கழுதைப்புலியும் நெருங்கிய உறவே இல்லை. இருந்தும் இரண்டு இடத்திலும் ஒரே வாரிசுச் சட்டம்.

இது ரத்தத்தில் வருகிற வீரம் இல்லை என்பதற்குச் சாட்சி, தத்துப் பிள்ளைகள். கழுதைப்புலி அபூர்வமாக அடுத்தவள் குட்டியை வளர்ப்பதுண்டு. செரெங்கெட்டியில் அப்படி வளர்ந்தவற்றை மரியன் ஈஸ்ட்டும் சகாக்களும் தொடர்ந்து 2009-இல் எழுதினார்கள். அவை ஏறி அமர்ந்தது பெற்றவளின் படியில் அல்ல, வளர்த்தவளின் படியில். ஆண்களின் பாடு வேறு. பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போகும் ஆண், அம்மா மகாராணியாகவே இருந்திருந்தாலும், புதிய இடத்தில் கடைசிப் படியில்தான் தொடங்க வேண்டும். அங்கே வந்து சேர்ந்த தேதிதான் அவர்களுக்குள் வரிசை. முன்னால் வந்தவர் செத்தாலோ போனாலோ ஒரு படி ஏறலாம். ரேஷன் கடை வரிசை மாதிரி.

உடம்பு வரிசையைத் தீர்மானிப்பதாகத்தான் நினைக்கிறோம். வரிசை உடம்பைத் தீர்மானிப்பதும் உண்டு. கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ஆனால் பீட்டர் பஸ்டன் ஆராய்ந்து 2003-இல் எழுதியது பாப்புவா நியூ கினியின் கரையோர மீன்களைப் பற்றி. ஒரு சாமந்தியில் ஒரு பெண், ஓர் ஆண், அவர்களுக்குக் கீழே இனம் பெருக்காமல் காத்திருக்கும் சில சிறுவர்கள். ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு போலச் சின்னது. இந்த இடைவெளி தானாக அமைவதில்லை. கீழே இருப்பது மேலே இருப்பதை எட்டும் அளவுக்கு வளர்ந்தால் சண்டை, பிறகு வெளியேற்றம். வெளியே போனால் பெரிய மீனுக்கு இரை. ஆகவே அது தன் வளர்ச்சியைத் தானே நிறுத்தி வைத்துக்கொள்கிறது. மேலே ஓர் இடம் காலியானால் வளர்கிறது. பெண் செத்தால் ஆண், பெண்ணாக மாறிவிடுகிறது.

உச்சிப் படியில் சுகமா? பபூன் குரங்குகளைக் கேட்கலாம். (நம் நாடக மேடை பபூன் இல்லை, அவரும் ராஜாவைவிட நிம்மதியாகத்தான் இருந்தார்.) கென்யாவின் அம்போசெலியில் 125 ஆண்களின் சாணத்தை ஒன்பது ஆண்டுக் காலம் சேகரித்து, அதிலுள்ள மன அழுத்த ஹார்மோனை அளந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. படி ஏற ஏற அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. உச்சியில் மட்டும் திடீரென்று எகிறியது. முதலாமவனின் அழுத்தம் கிட்டத்தட்டக் கடைசிப் படிக்காரனின் அளவு. சௌகரியமாக இருந்தது இரண்டாமவன்தான்.

இந்த 'முதலாமவன்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஓநாய்க் கூட்டத்தில் 'ஆல்பா' என்று ஒருவன் சண்டையிட்டு மேலே வருகிறான், அவனைப் போல ஆண்மகன் இருக்க வேண்டும் என்று யூடியூபில் உரக்கப் பேசுகிறார்கள். இதன் வேர் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியது. அவர் பார்த்தவை சுவிட்சர்லாந்தின் பேசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள். டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூல் அந்தச் சொல்லைப் பரப்பியது. பிறகு மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலங்கள் கழித்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். யாரும் சண்டையிட்டு அப்பா ஆகவில்லை. 1999-இல் மெக் தன் கருத்தையே திருத்தி எழுதினார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். தன் புகழ் பெற்ற நூலைத் தானே தடுக்கப் பார்த்த அறிஞர்கள் குறைவு. யூடியூப்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏணியே சரியாக உருவாகாத இடங்களும் உண்டு. இலங்கையின் உடவளவையில் ஷெர்மின் டி சில்வாவும் சகாக்களும் பார்த்த ஆசியப் பெண் யானைகளுக்குள், ஆப்பிரிக்கப் புல்வெளி யானைகளிடம் உள்ளதுபோல வயதுப்படி அமைந்த தெளிவான வரிசை தென்படவில்லை. வறண்ட வெளியில் எங்கே தண்ணீர் என்று தெரிந்த கிழவியின் பின்னால் ஒன்றாகப் போக வேண்டிய கட்டாயம் ஆப்பிரிக்காவில். தழையும் தண்ணீரும் பரவிக் கிடக்கும் காட்டில், ஒத்துவரவில்லை என்றால் விலகிப் போய்விடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வரிசை தென்னிந்தியாவில் இருக்கிறது. ரோப்பாலிடியா மார்ஜினாட்டா என்ற குளவி. ஜன்னல் மேல், சன்ஷேடுக்கு அடியில் காகிதம் போன்ற அறைகளாகக் கூடு கட்டுவது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவருடைய மாணவர்களும் இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பல குளவி இனங்களில் ராணிதான் அதட்டல்காரி. இங்கே ராணி சாது. வேலைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி அதட்டுவார்கள், கடிப்பார்கள். ராணி பேசாமல் ஓரமாக இருப்பாள், முட்டையிடுவாள். அவளுடைய இருப்பை அறிவிப்பது அவள் வயிற்றுச் சுரப்பியிலிருந்து கூட்டில் தேயும் வாசனை.

அந்த ராணியை எடுத்துவிட்டால் அரை மணிக்குள் வேலைக்காரிகளில் ஒருத்தி மட்டும் திடீரென்று ஆவேசமாகிறாள். மற்றவர்கள் ஒருவரும் அவளை எதிர்ப்பதில்லை. சில நாளில் ஆவேசம் தணிந்து, முட்டையிடத் தொடங்கி, அவளும் சாதுவாகிவிடுகிறாள். அவளையும் எடுத்தால் இன்னொருத்தி. இப்படி ஐந்து பேர் வரை அடுத்தடுத்து எடுத்துப் பார்த்து 2012-இல் எழுதினார்கள். ஒருமுறைகூட அரியணைப் போட்டி இல்லை. ராணி இருந்தபோது அடுத்த ராணி முன்னணி அதட்டல்காரியாகவும் இருக்கவில்லை; நடத்தையை வைத்து ஆய்வாளர்களால் அவளை முன்கூட்டிச் சுட்ட முடியவில்லை. குளவிகளுக்கு மட்டும் அவள் யாரென்று தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டுச் சன்ஷேடிலும் அப்படி ஒரு கூடு தொங்கலாம். கதவுக்கு அருகில் இல்லை, குழந்தைகள் கைக்கு எட்டாது என்றால், துடைப்பத்தை எடுக்கும் முன் தள்ளி நின்று ஒரு பத்து நிமிடம் பாருங்கள். ஓடியாடி அதட்டுபவளை விட்டுவிடுங்கள். ஓரத்தில் சும்மா இருப்பவளைத் தேடுங்கள்.